முதல் பிரசவத்தின் பயமும் இரண்டாவதற்கான தயாரிப்பும்

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த மகளிர் மாலைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் தருகிறேன்.)



மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லாதவள் நான். நம் சங்கத்துச் செயலாளர், "உங்கள் மகளின் இரண்டாவது பிரசவத்தைப் பற்றி வந்து பேசுங்கள்" என்று கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். பிறகு என் மகளே, "போய்ப் பேசும்மா. நீ செஞ்ச தப்பையும் சேர்த்துச் சொல்லு" என்றாள். அவள் அனுமதியோடுதான் இன்று பேசுகிறேன்.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களும் தயவுசெய்து கேளுங்கள். அம்மாக்களும் மாமியார்களும் கேட்க வேண்டிய விஷயம்தான் இதில் அதிகம்.

என் மகளின் முதல் பிரசவம் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. நாள் கடந்தும் வலி வரவில்லை என்று மருந்து வைத்து, ட்ரிப்ஸ் ஏற்றி வலி வரவழைத்தார்கள். இருபத்திரண்டு மணி நேரம். நாங்கள் எல்லோரும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். அவள் உள்ளே தனியாக, மல்லாந்து படுத்தபடி. எழுந்து நடக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. "கத்தாதே, கத்தினா குழந்தை எப்படி வரும்?" என்று யாரோ அதட்டியது வெளியே எங்கள் காதிலும் விழுந்தது. கடைசியில் கீழே வெட்டி, வாக்கம் வைத்துக் குழந்தையை எடுத்தார்கள். பேத்தியை ஒரு நாள் கண்காணிப்பில் வைத்திருந்துவிட்டுக் கையில் கொடுத்தார்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் 'நார்மல் டெலிவரி' என்று இருந்தது. நாம் தமிழில் சுகப்பிரசவம் என்கிறோம். உறவுக்காரர்களுக்கெல்லாம் நானும் போனில் அப்படித்தான் சொன்னேன். "சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்." பக்கத்தில் படுத்திருந்த என் மகள் அதைக் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று முறை அந்த இரவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் நான் சொன்ன பதில், "குழந்தை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன? நாங்களும்தான் பெத்தோம்." அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நம்மிடம் பிரசவ வைராக்கியம் என்று ஒரு சொல் உண்டு. வலிக்கும்போது 'இனிமேல் வேண்டவே வேண்டாம்' என்று சொல்வாள், ஆறு மாதத்தில் மறந்துவிடுவாள் என்று அர்த்தம். என் மகள் விஷயத்திலும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். வருடம் நான்கு ஆனது. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. ஒரு நாள் நானே, "ஒண்ணே போதுமா?" என்று ஆரம்பித்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, எனக்குக் குழந்தை வேண்டாம்னு இல்ல. அந்த ரூமுக்குள்ள மறுபடியும் போக முடியாது. எனக்குத் தள்ளத் தெரியலம்மா. அதனாலதான் பாப்பாவுக்கு அப்படி ஆச்சு."

நான்கு வருடமாக அவள் தன்னையே குற்றவாளியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது தெரியாது.

எங்கள் தயாரிப்பு அன்றைக்குத்தான் தொடங்கியது. அவள் கருத்தரித்தது அதற்குப் பல மாதங்கள் கழித்து. இரண்டாவது பிரசவம் அமைதியாக நடக்க வேண்டும் என்றால் முதல் பிரசவத்தை மறந்துவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் அனுபவம் அதற்கு நேர்மாறு. முதல் பிரசவத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவளுக்குப் பயம் குறைந்தது. நான் இன்று சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான். வங்கியில் சாயங்காலம் கணக்கு இடித்தால் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்ப முடியாது. எந்த வவுச்சரில் பிசகு என்று தேடிப் பிடித்த பிறகுதான் மறுநாள் கணக்கைத் தொடங்க முடியும். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

முதல் வேலையாக பரணில் இருந்த பழைய ஃபைலை எடுத்தோம். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கினோம். வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போய், "சிகிச்சைக்கு வரவில்லை, போன பிரசவத்தைப் புரிந்துகொள்ள வந்திருக்கிறோம்" என்று சொன்னோம். அந்த டாக்டரம்மா பொறுமையாக வரிவரியாகப் படித்தார். குழந்தையின் தலை கீழேதான் இருந்திருக்கிறது. ஆனால் முகம் தாயின் முதுகைப் பார்த்து இருப்பதற்குப் பதிலாக வயிற்றுப் பக்கம் பார்த்திருக்கிறது. அப்படி இருந்தால் பிரசவம் இழுக்கும், இடுப்பு வலி கடுமையாக இருக்கும், சில நேரம் வாக்கமோ ஆயுதமோ தேவைப்படும். மருந்து கொடுத்து வரவழைக்கும் வலியும் சிலருக்குத் தானாக வருவதைவிடக் கடுமையாக இருக்கும். "இதில் நீங்கள் தள்ளத் தெரியாமல் நடந்தது எதுவுமே இல்லை. இருபத்திரண்டு மணி நேரம் தாக்குப் பிடித்திருக்கிறீர்கள்" என்றார். என் மகள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

ஆகவே முதல் பிரசவம் கஷ்டமாக இருந்தவர்கள் பழைய ஃபைலோடு போய் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, வலியை வரவழைத்தது ஏன்? இரண்டு, எந்தக் கட்டத்தில் நின்றுபோனது, காரணம் என்ன? மூன்று, வெட்டியதோ ஆயுதம் போட்டதோ சிசேரியன் செய்ததோ எதற்காக? நான்கு, அந்தக் காரணம் அடுத்த முறையும் வர வாய்ப்பு உண்டா? பல காரணங்கள் அந்த ஒரு பிரசவத்தோடு முடிந்துபோகிறவை. சில காரணங்கள் திரும்பி வரக்கூடும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது. பொதுவாக, முதலாவது சுகப்பிரசவமாக இருந்தால் இரண்டாவது பிரசவ நேரம் குறையும் என்பது மருத்துவம் ஒத்துக்கொண்ட விஷயம்.

முதலாவது சிசேரியன் ஆனவர்களும் இங்கே இருப்பீர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஒரு முறை சிசேரியன் ஆனால் அடுத்ததும் சிசேரியன்தான் என்று கட்டாயம் இல்லை. தகுதியான பெண்கள் முயன்று பார்த்தால் நான்கில் மூன்று பேர் வரை சுகப்பிரசவம் ஆகிறார்கள் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல் இன்னொன்றையும் சொல்கிறது: ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் பழைய தழும்பு பிரியும் ஆபத்து உண்டு. அதனால் எந்த நேரமும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கும் மருத்துவமனையில்தான் அதை முயல வேண்டும். தழும்பு எந்த வகை, இடைவெளி எவ்வளவு என்று பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய முடிவு அது.

பயம் பேச்சோடு தீராத அளவுக்கு இருந்தால், அதாவது தூக்கம் வராமல், அந்த நினைவு கனவிலும் வந்து, மருத்துவமனை வாசலைப் பார்த்தாலே படபடக்கிறது என்றால், மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. என் மகள் ஓர் ஆலோசகரை நான்கு முறை பார்த்தாள்.

அடுத்தது, எங்கே பிரசவம் பார்ப்பது என்பது. பிரிட்டனில் கிராண்ட்லி டிக்-ரீட் என்று ஒரு மகப்பேறு மருத்துவர் இருந்தார். பயம் வந்தால் உடம்பு இறுகுகிறது, உடம்பு இறுகினால் வலி கூடுகிறது, வலி கூடினால் பயம் இன்னும் கூடுகிறது என்று 1930-களிலேயே எழுதியவர். அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. பிரசவ வலி என்பது வெறும் பயத்தால் வருவதும் அல்ல. ஆனால் தனியாக, அதட்டலுக்கு நடுவே கிடக்கும் பெண்ணுக்கு வலி கூடத்தான் செய்யும் என்பதை நம்மில் பிரசவித்த யாரும் மறுக்க மாட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பிரசவ கால கவனிப்பு பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாப்பிள்ளை அதை இறக்கிப் படித்துச் சொன்னார். அதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தவை சில. பெண் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும். சிக்கல் இல்லாத பெண் நடக்கலாம், உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடவும் செய்யலாம். கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்று எல்லாப் பெண்களையும் ஒரே அளவுகோலில் அளக்கக் கூடாது. எல்லோருக்கும் வழக்கமாகக் கீழே வெட்டக் கூடாது. வயிற்றின் மேல் கையை வைத்து அமுக்கித் தள்ளக் கூடாது. என் மகளுக்கு முதல் முறை மறுக்கப்பட்டவை எல்லாம் இந்தப் பட்டியலில் இருந்தன. நம் நாட்டிலும் அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளை மேம்படுத்த 'லக்ஷ்யா' என்ற திட்டம் 2017-ல் வந்தது. பெண்ணை மரியாதையாக நடத்துவதும் துணைக்கு ஆள் அனுமதிப்பதும் அதில் உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருவரைத் துணைக்கு விடும் ஏற்பாடு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. 'பெரிய கட்டடம், அதிகக் கட்டணம், அதனால் நல்ல கவனிப்பு' என்று முடிவு கட்ட வேண்டாம்.

நாங்கள் மூன்று மருத்துவமனைகளுக்குப் போய் ஒரே கேள்விகளைக் கேட்டோம். பிரசவ அறைக்குள் கணவரை விடுவீர்களா? வலியின்போது நடக்கலாமா, குந்தி உட்காரலாமா? கீழே வெட்டுவது எல்லோருக்குமா, தேவைப்பட்டால் மட்டுமா? வலி தாங்க முடியாவிட்டால் எபிட்யூரல் போடும் மயக்க மருந்து மருத்துவர் ராத்திரியிலும் இருப்பாரா? எங்கள் டாக்டர் ஊரில் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்? ஓர் இடத்தில், "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம், நீங்க கவலைப்படாதீங்க" என்றார்கள். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று எழுந்து வந்துவிட்டோம். கடைசியில் தேர்ந்தெடுத்த இடம் எங்களுக்குக் கொஞ்சம் தூரம்தான். ஆனால் அங்கே பிரசவ அறையை முன்கூட்டியே காட்டினார்கள். அந்த நர்ஸ் கதவைத் திறந்து, "உள்ளே வந்து பாருங்க" என்று சொன்னபோது என் மகள் வாசலிலேயே ஐந்து நிமிடம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். அடுத்த வருகையின்போது கேட்காமலே போனாள்.

உடம்புக்கான தயாரிப்பில் புதிதாக எதுவும் இல்லை. சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டாள். ரத்த அளவு, சர்க்கரைப் பரிசோதனை எதையும் தள்ளிப்போடவில்லை. தினமும் சாயங்காலம் நம் வளாகத்துக்குள்ளேயே அரை மணி நேரம் நடை. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மூச்சுப் பயிற்சியும் சுலபமானதுதான். மூக்கால் இழுத்து, இழுத்த நேரத்தைவிட அதிக நேரம் வாயால் மெதுவாக விட வேண்டும், தோளையும் தாடையையும் தளர்த்திக்கொண்டு. ஆனால் அதை வலி வந்த அன்றைக்குக் கற்றுக்கொள்ள முடியாது. மூன்று மாதம் தினமும் படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் இருவரும் செய்தார்கள். அவள் மறந்தால் மாப்பிள்ளை ஞாபகப்படுத்துவார்.

நான் செய்ய நினைத்து அவர்கள் தடுத்தது ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், கஷாயம் காய்ச்சிக் கொடுப்பார்கள். வீட்டு வைத்தியமாக அதைச் செய்யாதீர்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாட்டில் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. தலைக்குத் தேய்க்கப் பயன்படுகிறது.

மூன்றாவது, ஒரு தாள். ஒரே தாள். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று தமிழில் பத்து வரி எழுதி, மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதித்ததைக் குறித்துக்கொண்டு ஃபைலின் மேல் குத்திவைத்தோம். 'போன பிரசவத்தில் மிகவும் பயந்துபோனவள். எது செய்வதாக இருந்தாலும் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்' என்பது முதல் வரி. அந்த வரியைத்தான் எல்லா நர்ஸுகளும் படித்தார்கள். கடைசி இரண்டு வரிகள், 'சிசேரியன் தேவைப்பட்டால்' என்று ஆரம்பிக்கும். காரணத்தைச் சொல்லுங்கள், முடிந்தால் கணவரைக் கூட இருக்க விடுங்கள், குழந்தையைச் சீக்கிரம் மார்பில் போடுங்கள் என்று.

அந்தக் கடைசி வரிகளை எழுத அவள் முதலில் சம்மதிக்கவில்லை. "எழுதினா நடந்துடும்மா" என்றாள். டாக்டர்தான் எடுத்துச் சொன்னார். இயற்கையாகப் பெற்றே தீருவேன் என்பது ஒரு பிடிவாதமாக மாறிவிட்டால், வேறு மாதிரி ஆகும்போது மறுபடியும் 'என்னால்தான்' என்ற எண்ணம் வந்துவிடும். அதைவிட மோசமாகவும் முடியலாம். 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், இரண்டாவது குழந்தையை வீட்டிலேயே இயற்கையாகப் பெறலாம் என்று யூடியூப் காணொளிகளைப் பார்த்துத் தயாராகி, பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்துபோனார். செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மருத்துவமனையைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு வீடே தேவலை என்று தோன்றுவது எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்துக்கு வழி நல்ல மருத்துவமனையைத் தேடுவது. மருத்துவமனையே வேண்டாம் என்பது வழியல்ல.

நான்காவது, துணை. இது எனக்குத் தனிப்பட்ட முறையில் கஷ்டமான பகுதி.

தாய் வீட்டுப் பிரசவம், நான்தான் உள்ளே போவேன் என்று எனக்குள் முடிவாக இருந்தது. எட்டாம் மாதம் ஒரு நாள் என் மகள் சொன்னாள்: "அம்மா, உள்ளே அவர் வரட்டும். நீ வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தா எனக்குப் பயம் வந்துடும்." இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பெற்ற தாயை வேண்டாம் என்கிறாளே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பிறகு யோசித்தேன். அவள் காலில் முள் குத்தினால் நான்தான் முதலில் அழுவேன். முதல் பிரசவத்தில் கதவு திறந்தபோதெல்லாம் அவள் பார்த்தது என் அழுத முகத்தைத்தானே? துணைக்குப் போகிறவருக்குத் தகுதி ஒன்றுதான். அவரைப் பார்த்தால் அவளுக்குத் தைரியம் வர வேண்டும். அம்மாவா, கணவரா, அக்காவா, தோழியா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். நாம் கேட்டு வாங்குகிற பதவி இல்லை அது.

பிரசவத்தின்போது ஒருவர் தொடர்ந்து துணை இருப்பது பற்றி 17 நாடுகளில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். துணை இருந்தவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாகவும், சிசேரியன் குறைவாகவும், பிரசவ நேரம் சற்றுக் குறைவாகவும் இருந்திருக்கிறது. மருந்து எதுவும் இல்லை, பக்கத்தில் ஓர் ஆள், அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்த வேலை பேத்தியைப் பார்த்துக்கொள்வது. அதுவும் சின்ன வேலை இல்லை. அம்மா ராத்திரியில் திடீரென்று கிளம்பிப் போவாள், பாட்டியோடு தூங்க வேண்டும், காலையில் போன் வரும் என்று ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். அவள் பெண் அழாமல் இருக்கிறாள் என்ற நிம்மதி உள்ளே இருந்தவளுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று பிறகுதான் சொன்னாள்.

இனி அந்த நாள். ராத்திரி பதினொரு மணிக்கு இலேசாக வலி ஆரம்பித்தது. இரண்டாவது பிரசவம் வேகமாக நகரும், தூரமும் இருக்கிறது, வலி ஒரே சீராக வர ஆரம்பித்ததுமே கிளம்பிவிடுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிட்டார்கள். காலை ஆறு மணிக்குப் பேரன் பிறந்தான். ஏழு மணி நேரம்.

வலியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகக் கத்தியிருக்கிறாள். இந்த முறை யாரும் அதட்டவில்லை. நடந்தாள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டாள், இடையிடையே இளநீர் குடித்தாள். தாளில் எழுதியது எல்லாம் நடந்துவிடவும் இல்லை. நடுவில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும் என்று பெல்ட் கட்டி நாற்பது நிமிடம் படுக்கச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் கை நடுங்கியதாம். நர்ஸ் காரணத்தைச் சொல்லி, மல்லாந்து வேண்டாம், ஒருக்களித்துப் படுங்கள் என்று முதுகுக்குத் தலையணை வைத்தார். மாப்பிள்ளை காதருகில் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் வெந்நீரில் நனைத்த துணியைக் கீழே ஒத்தடமாக வைத்தார்கள். அது கிழிசலைக் குறைக்கும் என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம்தான். வெட்டவில்லை. இரண்டு தையல் மட்டும். குழந்தையைத் துடைத்து நேராக மார்பில் போட்டார்கள். தொப்புள்கொடியைக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் வெட்டினார்கள்.

ஆறரைக்கு எனக்குப் போன் வந்தது. "அம்மா, நான்தான் பேசறேன்" என்றாள். முதல் பிரசவத்தில் அவள் குரலைக் கேட்க எனக்கு மறுநாள் ஆனது. "வலிச்சுதாடி?" என்று கேட்டேன். "ரொம்ப வலிச்சுதும்மா. ஆனா பயமா இல்ல" என்றாள். நான் இந்த முறை "குழந்தை நல்லா இருக்குல்ல" என்று சொல்லவில்லை. "சொல்லு, கேக்கறேன்" என்றேன். முக்கால் மணி நேரம் பேசினாள்.

முடிப்பதற்கு முன் சில விஷயங்கள்.

கர்ப்பிணிகளுக்கு: ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, காய்ச்சல், வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவமனை. வண்டி இல்லாவிட்டால் 108.

கணவர்களுக்கு: மூச்சுப் பயிற்சியில் நீங்களும் உட்காருங்கள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தாருக்கு: நிறைமாதமாக ஒரு பெண் லிஃப்டில் ஏறினால், நம் தங்கைக்கு நடந்தது, சித்தி மகளுக்கு நடந்தது என்று பயங்கரக் கதைகளை அந்த நான்கு மாடிக்குள் சொல்லி முடித்துவிடாதீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள், போதும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: ராத்திரியில் கிளம்ப வேண்டிவந்தால் உதவிக்கு வரத் தயாராக இருக்கும் கார்காரர்கள் நான்கைந்து பேரின் எண்களைக் காவலர் அறையில் ஒட்டிவையுங்கள். ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்கு ஒவ்வொரு பிளாக்கின் வாசலும் காலியாக இருக்கட்டும். எங்கள் பிளாக்கில் அன்றைக்கு இரண்டு ஸ்கூட்டர்களை நகர்த்திய பிறகுதான் காரை முன்னால் கொண்டுவர முடிந்தது. என் பெயரை அந்தப் பட்டியலில் முதலில் போடுங்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வீட்டில் தூங்கும் மூத்த குழந்தைக்குத் துணையாக வந்து படுத்துக்கொள்ளத் தெரியும்.